குக்கரைத் தின்ற செடி

தணிகாசலத்துக்கு எதைப் பார்த்தாலும் அதில் ஓர் ஆபத்து தெரிந்துவிடும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் முதலில் மணமக்களைப் பார்க்க மாட்டார். மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று எண்ணுவார். பிறகு மாப்பிள்ளையின் வேட்டி நுனிக்கும் ஹோமத் தீக்கும் நடுவே எத்தனை சாண் என்று கண்ணாலேயே அளப்பார். ஒருமுறை தாலி கட்டுகிற நேரம் பார்த்து மேடையேறிப் போய், நெய்க் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி ஐயரிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர் மனைவி ஈஸ்வரி மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் பாதுகாப்பு அதிகாரி. ஆபத்தைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளமே. கேட்டுக்குள் நுழைந்ததும் தெரிகிற பெரிய பச்சைப் பலகை அவருடைய உயிர். அதில் "விபத்தில்லா நாட்கள்" என்று எழுதியிருக்கும். அதன் கீழே கொக்கிகளில் எண் தகடுகள் தொங்கும். தினமும் காலை எட்டு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை உட்பட, தணிகாசலமே ஏணியில் ஏறித் தகட்டை மாற்றுவார். கீழே ஒரு ஆள் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுவும் அவர் போட்ட விதிதான். இந்தக் கதை தொடங்குகிற அன்று பலகையில் இருந்த எண் 994.

ஆயிரம் வந்தால் ஆளுக்கொரு ஐந்து லிட்டர் குக்கர் என்று மேனேஜர் பீட்டர் அறிவித்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு குக்கர்கள் ஸ்டோரில் வந்து இறங்கியும் விட்டன. சாப்பாட்டு இடைவேளையில் ஆட்கள் போய் ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஈஸ்வரி அந்தப் பொறுமைகூட இல்லாமல், வீட்டில் இருந்த பழைய குக்கரைத் திருநின்றவூரில் இருக்கும் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

இதற்கு முன்னாலும் ஒருமுறை ஆயிரத்தை நோக்கிப் போனதுதான். 611 வரை வந்தது. அன்று பொங்கல் விருந்து. கிரேன் ஓட்டுகிற குப்புராஜ் கேன்டீனில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டு திரும்பியவன், கீழே சிந்தியிருந்த முதல் தடவைப் பாயசத்தில் வழுக்கி உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் எலும்பு விரிசல். கம்பெனியே கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சியது. வீட்டில் விழுந்தான் என்று எழுதிவிடலாம், பொங்கலுக்குப் போய் இதையெல்லாம் பார்ப்பார்களா என்று எல்லோரும் சொன்னார்கள். தணிகாசலம் அசையவில்லை. "கம்பெனி வேலையாகப் போன இடத்தில், கேட்டுக்கு உள்ளேயானாலும் வெளியேயானாலும், காயம் பட்டு டாக்டரிடம் போனால் அது விபத்து" என்று தான் எழுதிய விதியை உரக்கப் படித்துக் காட்டினார். மதியம் மூன்று மணிக்கு ஏணியில் ஏறி 611ஐக் கழற்றி சைபரைத் தொங்கவிட்டார்.

அன்றிலிருந்து குப்புராஜுக்கு "ஜீரோ" என்று பெயர். சூப்பர்வைசர் கூப்பிடுவதும் அப்படித்தான், டீ கொண்டுவருகிறவர் கூப்பிடுவதும் அப்படித்தான். அவன் கல்யாணத்துக்கு நண்பர்கள் வைத்த பேனரில் "எங்கள் ஜீரோவுக்குத் திருமணம்" என்று போட்டிருந்தது. பெண் வீட்டார் பயந்துபோய் தனியாக அழைத்து விசாரித்தார்கள்.

அந்த 994ஆம் நாள் காலையில்தான் மணியம்மாள் கேட்டுக்கு வந்தார். கம்பெனியின் பின்சுவரை ஒட்டி இருக்கும் பெத்தநாய்க்கன்மேட்டில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். சுவருக்கு அந்தப் பக்கம் பதினோரு ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு, ஊர் மாடுகள் மேய்வதற்கென்றே விட்ட நிலம். இப்போது அதில் புல் இல்லை. இடுப்புயரம் பார்த்தீனியம் என்கிற களைச்செடி.

"மாடு மேய பில்லே கெடையாது சார்" என்றார் மணியம்மாள். "பசி தாங்காம அத்தையே தின்னுடுது. பாலு கசக்குது. டீக்கடைக்காரன் வாயில வெச்சிட்டுத் துப்பறான். எனக்குக் கையெல்லாம் தடிப்பு. உங்க லாரி டயரு சேத்துலதான் வெதை வந்துச்சி, எங்க ஊர்ல முன்ன இது கெடையாது. நீங்கதான் இதுக்கு ஒரு வழி பண்ணணும்."

பீட்டர் கோரிக்கைத் தாளைத் தணிகாசலத்திடம் கொடுத்தார். "ரிஸ்க் எவ்ளோன்னு பார்த்துச் சொல்லுங்க. பதினஞ்சு மார்க்குக்கு மேல போச்சுன்னா, நம்ம ரூல்படி கம்பெனியே ஆள் போட்டு மொத்தத்தையும் எடுக்கணும். கீழன்னா ஒரு விழிப்புணர்வு முகாம், நாலு போட்டோ. முடிஞ்சிடும்."

பதினோரு ஏக்கரில் எதிரி நிற்கிறான், பார்க்க வேண்டியவர் தணிகாசலம். வேறு நாளாயிருந்தால் ஓடிப்போய் அளந்திருப்பார். ஆனால் அவர் மனம் முழுக்க ஆயிரமாவது நாள். நான்காவது கொக்கி வெல்டிங் சரியாக இருக்கிறதா, "1" தகட்டுக்குப் பெயின்ட் காய்ந்ததா என்று ஆயிரம் கவலை. ஆகவே நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தார்.

படிவம் இயந்திரங்களுக்காக அவரே தயாரித்தது. சுழலுமா? இல்லை. சூடாகுமா? இல்லை. மின்சாரம் பாயுமா? இல்லை. மேலிருந்து விழுமா? செடி கீழேயிருந்து அல்லவா வருகிறது, ஆகவே இல்லை. வெடிக்குமா? இங்கே கொஞ்சம் தயங்கி, செக்யூரிட்டிக்குப் போன் போட்டு "அந்தச் செடி வெடிக்குமாய்யா?" என்று கேட்டார். "இதுவரைக்கும் இல்ல சார்" என்று பதில் வந்தது. நடக்க வாய்ப்பு ஒன்று, நடந்தால் பாதிப்பு ஒன்று. ஒன்றை ஒன்றால் பெருக்கி ஒன்று என்று போட்டது கம்ப்யூட்டர். தேவையான பாதுகாப்புக் கருவி என்ற கட்டத்தை நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. பட்டியலில் முதலில் இருந்தது ஹெல்மெட். அதை அழுத்தினார். மொத்தம் நான்கு நிமிடம்.

நிமிர்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டார். ஒரு வருடமாக அவருக்குக் கழுத்தும் முழங்கையும் அரித்துக்கொண்டே இருந்தன. ஈஸ்வரி முதலில் குளிக்கிற சோப்பைச் சந்தேகப்பட்டாள். பிறகு துணி சோப்பை. கடைசியில் அவருடைய பெரியப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்று வம்சத்தையே சந்தேகப்பட்டாள். அவருடைய அறை பின்சுவரை ஒட்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் மேய்க்கால் தெரியும். தூசி வருகிறது என்று அதை அவர் திறப்பதே இல்லை. அரைகுறையாக மூடும் ஜன்னல் அது. நாம் சொல்லி என்ன பயன், அவருக்குத்தான் எல்லா ஆபத்தும் தெரியுமே.

மறுநாள் முடிவைக் கேட்க வந்த மணியம்மாளுக்குச் செக்யூரிட்டி தாளைப் படித்துக் காட்டினார். மணியம்மாள் நேராகத் தணிகாசலத்தின் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், ஹெல்மெட்டுன்னு எழுதிக்கீறீங்களாமே? அது எனக்கா, மாட்டுக்கா?"

"அம்மா, அது ஒரு முறைக்காகப் போட்டது."

"ஒண்ணு மார்க்குன்றாங்க. நூத்துக்கா?"

"இருபத்தஞ்சுக்கு."

"நீங்க அந்தப் பக்கம் வந்து பாத்தீங்களா சார்?"

தணிகாசலம் அவரை முகாமுக்கு அவசியம் வரச் சொன்னார். மணியம்மாள் அவர் கழுத்தில் இருந்த தடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, படித்தவருக்கு நாம் என்ன சொல்வது என்று போய்விட்டார்.

முகாம் 999ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டது. பேனருக்கான வாசகத்தைத் தணிகாசலம் பஜாரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஆஷிக்குக்கு அனுப்பினார்: "பெத்தநாய்க்கன்மேடு மேய்க்காலில் மாபெரும் களைக் கட்டுப்பாடு விழிப்புணர்வு விழா." பத்து நிமிடத்தில் ஆஷிக் போன் செய்தான்.

"சார், மேட்டர் பெருசாக்கீது. உங்க மேனேஜர் சார் படத்த பெருசா போடச் சொல்லிட்டாரு, எடம் பத்தல. விழிப்புணர்வத் தூக்கிடவா?"

"தூக்கிடுப்பா." தணிகாசலம் அப்போது நான்காவது கொக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவும் 'ப்பாடு' நிக்கல சார். படத்து மேல ஏறுது, மூக்குல வந்து குந்துது."

"ஐயோ, அவர் மூக்குமேல ஒண்ணும் வரக்கூடாது. எடுத்துடு, எடுத்துடு. வேலைய முடி."

"சரி சார். மிச்சத்த அப்பிடியே வுட்டா பாக்க நல்லா இல்ல, நான் பாத்து அழகா போட்டுடறேன்."

ஆஷிக் அழகாகத்தான் போட்டான். ஆரணி ரோடு வரை ஏழு இடத்தில் பேனர் நின்றது. மேனேஜர் பீட்டர் கைகூப்பிச் சிரிக்க, பக்கத்தில் மஞ்சள் எழுத்தில்: "பெத்தநாய்க்கன்மேடு மேய்க்காலில் மாபெரும் களைகட்டும் விழா! அனைவரும் வாரீர்!"

வாரீர் என்றால் வராமல் இருப்பார்களா? 999ஆம் நாள் காலை பத்து மணிக்குத் தணிகாசலம் ஐம்பது ஜோடி கையுறையோடு போய் இறங்கியபோது மேய்க்காலின் ஓரத்தில் ஐந்நூறு பேர் நின்றார்கள். பெண்கள் பட்டுப்புடவையில். சோழவரத்திலிருந்து ஒரு ஐஸ் வண்டி வந்திருந்தது. பலூன்காரர் வந்திருந்தார். ராட்டினக்காரர் ஒருவர் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். பழவேற்காட்டிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, கச்சேரி எத்தனை மணிக்கு என்று கேட்டது.

"கச்சேரி இல்லீங்க. களை எடுக்கப் போறோம்" என்றார் தணிகாசலம்.

"களையா? பேனர்ல களைகட்டும்னு போட்டுக்கீது!"

"களையைக் கட்டுப்படுத்தறதுங்க."

"நாஷ்டா கூட துன்னாம வந்துக்கீறோம், இன்னா பேஜாரு இது!" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஜமுக்காளத்தை உதறிய உதறலில் வந்த தூசியில் முன்வரிசை முழுக்கத் தும்மியது.

நிலைமையைச் சமாளிக்க பீட்டர் மைக்கைப் பிடித்தார். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். நாளை ஆயிரமாவது நாள் காணப்போகும் நம் பாதுகாப்பு அதிகாரி என்று சொல்லித் தணிகாசலத்தின் கையில் ஒரு பெரிய பூங்கொத்தைக் கொடுத்தார். நாலு ரோஜா, ரோஜாவைச் சுற்றிலும் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ, பார்க்க நட்சத்திரம் கொட்டினாற்போல் இருந்தது. தணிகாசலத்துக்கு யாரும் பூங்கொத்து கொடுத்ததில்லை. பாதுகாப்பு அதிகாரிக்கு யார் கொடுப்பார்கள்? நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மார்போடு அணைத்துக்கொண்டார். ஆழமாக முகர்ந்தார். போட்டோக்காரர் கன்னத்தோடு வைக்கச் சொன்னார், வைத்தார்.

"பாருங்க, மனுஷன் முகத்துல என்ன களை!" என்றார் பீட்டர் மைக்கில்.

அணைத்த பூங்கொத்தை விடாமலே தணிகாசலம் இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஆபத்தை நிர்வகிப்பதில் முதல் படி ஆபத்தை அடையாளம் காண்பது என்றார். அடையாளம் காணாதவன் ஆபத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பான் என்றார். இது நல்ல வாக்கியம் என்று தோன்றவே இரண்டாம் முறையும் சொன்னார்.

கூட்டத்தின் முன்னாலிருந்து மணியம்மாள் கையைத் தூக்கினார்.

"சார், நீங்க கட்டிப்புடிச்சிக்கினு கீறீங்களே, வெள்ளையா, அது இன்னான்னு தெரியுமா?"

"பூங்கொத்தும்மா."

"பார்த்தீனியம் சார். பூக்கடைக்காரன் எங்க மேய்க்கால்ல வந்துதான் கொத்துக்கொத்தா அறுத்துக்கினு போறான். சும்மா கெடைக்குதுல்ல?"

தணிகாசலம் குனிந்து பூங்கொத்தைப் பார்த்தார். நிமிர்ந்து பதினோரு ஏக்கரைப் பார்த்தார். அதே வெள்ளை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அந்தச் செடியைப் பார்க்கிறார், அதுவும் கட்டிப்பிடித்த நிலையில். ஐந்நூறு பேரும் சிரித்த சிரிப்பு சிப்காட் வரைக்கும் கேட்டிருக்கும். கச்சேரி இல்லாத குறை தீர்ந்தது என்று ஜமுக்காளக் குடும்பம் மறுபடி உட்கார்ந்துவிட்டது.

போட்டோவுக்காக பீட்டரும் நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு செடி பிடுங்கி, உதறி, சிரித்துக்கொண்டே வீசினார்கள்.

"பூத்தத உதறாதீங்க சார்!" என்று மணியம்மாள் கத்தினார். "ஒரு செடில பத்தாயிரம் வெதை. வெதைச்சிட்டுப் போறீங்களா, புடுங்கிட்டுப் போறீங்களா?"

அதற்குள் போட்டோ எடுத்தாயிற்று, கார் கிளம்பிவிட்டது.

மறுநாள், ஆயிரமாவது நாள், விடியற்காலையில் தணிகாசலம் கண் விழித்தார். விழித்தார் என்று சொல்லக்கூடாது, விழிக்க முயன்றார். வலது கண் திறக்கவில்லை. இடது கண் ஒரு நெல் அளவுக்குத் திறந்தது. உதடு மூக்கைத் தொட்டது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்து தடித்து, தீயாக எரிந்தது. காபி கொண்டுவந்த ஈஸ்வரி தம்ளரைக் கீழே போட்டாள்.

"இன்னாங்க இது! நேத்து உங்க மேனேஜரு மூஞ்சில களைன்னாராமே, மெய்யாலுமே மொளச்சிடுச்சா? கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"முடியாது."

"ஏன்?"

"போனா விபத்து. விபத்துன்னா ஜீரோ. ஜீரோன்னா குக்கர் கெடையாது."

ஈஸ்வரி ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்தை அவள் பிற்பாடு எத்தனையோ முறை மறுத்திருக்கிறாள். "குக்கர் கெடக்குது, கண்ணு போயிடப் போகுதுங்க" என்றாள் கடைசியில். ஆனால் அதற்குள் தணிகாசலம் தேங்காய் எண்ணெயை முகம் முழுக்கப் பூசிக்கொண்டு, துண்டால் மூடிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு குக்கர். மதியம் வரை தாங்கினால் போதும், விழா முடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்பது அவருடைய கணக்கு. மதியத்துக்குப் பிறகு போனாலும் அது இதே காயம்தான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. வரவிடாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

கம்பெனிக்கு வந்ததும் வெல்டிங் செய்கிறவர்கள் போடும் முழு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கேட்டால் விழாவுக்கான பாதுகாப்பு விளம்பரம் என்றார். எல்லோரும் நம்பினார்கள். அவரிடம் எதையும் எதிர்பார்க்கலாம் அல்லவா?

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏணி எடுக்க குப்புராஜ் அவர் அறைக்குள் வந்தான். தணிகாசலம் முகமூடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

குப்புராஜ் கதவைச் சாத்தினான்.

"சார். இன்னா சார் ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"நேத்து பொக்கேதான?"

தணிகாசலம் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தார். 999 நாளாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே இவன் காத்திருந்திருப்பான் என்று நினைத்தார். ஓடிப்போய் வெளியே சொன்னால் போதும். சொல்லட்டும். அவனுக்கு அந்த உரிமை உண்டு.

குப்புராஜ் முகமூடியை மெதுவாக அவர் முகத்துக்கு இறக்கிவிட்டான். பட்டையைக் காது வலிக்காமல் சரிசெய்தான்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார். நீங்க பாத்து ஏறுங்க, ஏணிய நான் புடிச்சிக்கிறேன். அந்தப் பேரு எனக்கே பழகிப்போச்சு சார், உங்களுக்கு எதுக்கு?"

அவன் திட்டியிருந்தால் தணிகாசலத்துக்கு எவ்வளவோ தேவலை. முகமூடிக்குள் அழ முடியாது. கண்ணைத் துடைக்க வழியில்லை. கண்ணீர் உப்பு வேறு, பட்ட இடமெல்லாம் எரிந்தது. எரிய எரிய ஏணியை நோக்கி நடந்தார்.

பலகையின் முன்னால் மொத்தக் கம்பெனியும் நின்றது. குக்கர்கள் மேஜைமேல் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. தணிகாசலம் மூன்று சைபர்களையும் ஒரு ஒன்றையும் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஏறினார். குப்புராஜ் ஏணியைப் பிடித்திருந்தான். முதலில் மூன்று ஒன்பதுகளையும் கழற்றினார். கடைசிக் கொக்கியில் ஒரு சைபர் மாட்டினார். கைதட்டல். அடுத்ததில் ஒரு சைபர். விசில். அதற்கடுத்ததில் ஒரு சைபர். "ஒண்ணு! ஒண்ணு! ஒண்ணு!" என்று இருநூறு தொண்டைகள் கத்தின.

தணிகாசலம் "1" தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கத் தொடங்கினார்.

"சார், ஒண்ண மறந்துட்டீங்க" என்றான் குப்புராஜ் மெதுவாக.

"மறக்கலப்பா."

தரைக்கு வந்து, தகட்டைக் குப்புராஜிடம் கொடுத்தார். முகமூடியைக் கழற்றினார். முன்வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"கம்பெனி வேலையா போன எடத்துல," என்று வீங்கிய உதட்டோடு அவர் படிக்கத் தொடங்கினார், "கேட்டுக்கு உள்ளயானாலும் வெளியயானாலும்..." முழுவதும் முடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த விதி அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

அதன்பிறகு நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பீட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒருவர் குக்கர் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார், மூன்று பேர் சேர்ந்து பிரித்தார்கள். குப்புராஜ்தான் தணிகாசலத்தை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் அழைத்துப்போனான். டாக்டர் பார்த்ததும் பார்த்தீனியம் என்றார். எத்தனை நாளாக அரிப்பு என்று கேட்டார். ஒரு வருடமாக என்று தணிகாசலம் சொன்னபோதுதான் அவருக்கே உறைத்தது. அந்தப் பலகை ஒரு வருடமாகவே பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, அவரே தினமும் ஏறி ஏறி அந்தப் பொய்யை மாற்றித் தொங்கவிட்டிருக்கிறார்.

திரும்பி வந்ததும் ஊசி போட்ட கையோடு பழைய படிவத்தை அழித்துப் புதியது எழுதினார். இந்தமுறை முதலில் மேய்க்காலுக்குப் போய், தூரமாக நின்று, ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதினார். நடக்க வாய்ப்பு: ஐந்து, நடந்துவிட்டது. பாதிப்பு: ஐந்து, என் முகத்தைப் பார்க்கவும். பெருக்கினால் இருபத்தைந்து. விபத்து அறிக்கையில் "மூலகாரணம்" என்ற இடத்தில் "வேர்" என்று எழுதினார். "மீண்டும் நிகழாமல் இருக்கச் செய்ய வேண்டியது" என்ற இடத்தில், "மூலகாரணத்தை முழுவதுமாகப் பிடுங்குதல்." பீட்டர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். விதிப்படி மறுக்க ஓர் எழுத்து இல்லை. கூலிக்கு ஆள் தேட உத்தரவு போட்டார்.

தேட அவசியமே இருக்கவில்லை. கம்பெனி ஆட்களே வந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அந்தச் செடியின்மேல் சொந்தப் பகை விழுந்துவிட்டது. மழை பெய்து மண் இளகியிருந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, கையுறை, மூக்குத்துணி, முழுக்கைச் சட்டையோடு மேய்க்காலில் இறங்கினார்கள். குக்கரைத் தின்ற செடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினார்கள். முன்னால் நின்று வேலை வாங்கியது மணியம்மாள். பூத்ததை உதறாமல் வெட்டி மூட்டை கட்டு, பூக்காததை வேரோடு இழு, அறுந்தால் மறுபடி துளிர்க்கும், பிடுங்கின இடத்தில் தகரை விதை தூவு, அது இதை எழவிடாது என்று மேற்பார்வை. படிவம் எதுவும் கையில் இல்லை. அரிப்பு உள்ளவர்கள் பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லித் தணிகாசலத்தைத் தூரத்தில் சாலையோரம் உட்காரவைத்துவிட்டார். ஹெல்மெட் மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டார்.

மூன்று ஞாயிறு ஆயிற்று. மூன்றாவது ஞாயிறு மாலையில் கடைசி மூலையும் காலியானது. சுவர்வரைக்கும் வெறும் செம்மண் தெரிந்தது. அதில் தகரை முளைகள் பச்சைப் பொட்டுகளாக நின்றன. மணியம்மாள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார், வாங்கின பாலில். பொங்கலுக்குத் தன் மாட்டுப் பாலிலேயே போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தார். ஈஸ்வரியும் வந்திருந்தாள். மூன்று வாரமாகப் பானையில் சோறு வடிக்கிற கோபத்தையெல்லாம் அன்று அவள் செடியில் காட்டியிருந்தாள்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த ஆள் ஒரு தம்ளர் மிச்சம் இருப்பதைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"ஜீரோ! டீ இந்தா!"

பழக்கத்தில் குப்புராஜ் சட்டென்று திரும்பிக் கையை நீட்டினான்.

"உன்ன இல்ல குப்புராஜு" என்றார் அந்த ஆள். "நீ அப்பவே குடிச்சிட்டல்ல. அவருக்கு."

சாலையோரத்தில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த தணிகாசலம் எழுந்து வந்தார். குப்புராஜ் நீட்டின கையை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றான். மூன்று வருடத்தில் தன் முழுப் பெயரை யாரும் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. தணிகாசலம் தம்ளரை வாங்கிக்கொண்டார். சூடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.